பாதி வழி, பாதி டாங்க்: சிறு விமானத்தில் எரிபொருள் எப்படித் தீர்கிறது?

ஜூன் 3

வாசகர் ஒருவரின் கேள்வி: "சிறு விமான விபத்து அறிக்கைகளைக் கொஞ்ச நாளாகப் படித்து வருகிறேன். இன்ஜின் கோளாறு புரிகிறது, வானிலை புரிகிறது. எரிபொருள் தீர்ந்து விழுந்தது என்பது மட்டும் புரியவே இல்லை. கண் முன்னால் முள் இருக்கிறது. பைக்கில்கூட ரிசர்வ் உண்டு. இது சுத்த அலட்சியம்தானே? இப்படிப்பட்டவர்களின் உரிமத்தைப் பிடுங்கினால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?"

ஜூன் 3, இரவு

தீராது. சிறு விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன். எரிபொருள் போட மறந்துவிட்டுக் கிளம்பியவர்கள் ரொம்பக் குறைவு. பெரும்பாலானவர்கள் கணக்குப் போட்டுவிட்டுத்தான் கிளம்புகிறார்கள். கணக்கு தரையில் சரியாகவே இருக்கிறது. மேலே போனதும் அதைத் திரும்ப எடுத்துப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

எனக்குத் தெரிந்த ஒருவர். பெயரும் ஊரும் வேண்டாம். அலட்சியக்காரர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. தொடைமேல் கட்டிய அட்டையில் பென்சிலால் எல்லாம் எழுதி வைத்துக்கொண்டு பறப்பவர். செஸ்னா 172, டாங்க் நிறைய எரிபொருள், 330 கடல் மைல் பயணம். திட்டப்படி 3 மணி நேரம், போய்ச் சேரும்போது கிட்டத்தட்ட இரண்டு மணி நேரத்துக்கு எரிபொருள் மிச்சம். ஓடுபாதைக்குச் சுமார் 10 மைல் இருக்கும்போது இன்ஜின் நின்றது. உழுத வயலில் இறக்கினார். முன்சக்கரம் ஒடிந்து மூக்கு மண்ணில் குத்தியது. பக்கத்தில் இருந்தவருக்குக் கழுத்தெலும்பு முறிவு, இவருக்கு நெற்றியில் தையல். தீப்பிடிக்கவில்லை. ஏன் என்று கேட்க வேண்டியதில்லை.

ஜூன் 4

"இரண்டு மணி நேர ரிசர்வ் காற்றில் கரையுமா? டாங்க் ஒழுகியிருக்கும், இல்லையென்றால் அவர் பொய் சொல்கிறார்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார்.

ஒழுகவும் இல்லை, பொய்யும் இல்லை. காற்றில்தான் கரைந்தது. கணக்கை முழுதாகப் போட்டுக் காட்டுகிறேன்.

அந்த வகை 172-இல் இரண்டு சிறகுகளிலும் சேர்த்து 43 அமெரிக்க கேலன் பிடிக்கும். அதில் இன்ஜினுக்கு எட்டுவது 40, அதாவது சுமார் 151 லிட்டர். இன்ஜின் ஓட்டிப் பார்ப்பது, தரையில் நகர்வது, உயரம் ஏறுவது எல்லாவற்றுக்கும் சேர்த்து 5 லிட்டர் கழிக்கலாம். 110 நாட் வேகம் (நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்), மணிக்கு 30 லிட்டர் செலவு என்று அவர் வைத்துக்கொண்டார். விமானத்தின் கையேட்டுப் புத்தகத்தோடு ஒத்துப்போகிற எண்கள்தாம். 3 மணி நேரத்துக்கு 90, அந்த 5, ஆக 95. மிச்சம் 56 லிட்டர். தாராளம்.

நடந்தது என்ன? எதிர்காற்று 25 நாட். தரைமேல் வேகம் 110 என்பது 85 ஆனது. வழியில் மேகக் கூட்டத்தைச் சுற்றிப் போனதில் 15 மைல் கூடி 345. அந்த வேகத்தில் இந்தத் தூரத்துக்கு 4 மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

மூன்றாவது விஷயம்தான் பலருக்குத் தெரிவதில்லை. மிக்சர். எரிபொருளும் காற்றும் கலக்கும் விகிதத்தைச் சிறு விமானத்தில் விமானியே ஒரு சிவப்புக் குமிழால் சரிசெய்ய வேண்டும். மேலே போகப் போகக் காற்றின் அடர்த்தி குறையும், அதற்கேற்ப எரிபொருளையும் குறைக்க வேண்டும். இதற்கு லீன் செய்வது என்று பெயர். புத்தகத்தில் இருக்கும் 30 லிட்டர், லீன் செய்தவருக்கான எண். குமிழை முழுக்க உள்ளே தள்ளியபடியே பறந்தால் 37, 38 குடிக்கும்.

இப்போது பாருங்கள். 151-இல் 5 போக 146. அதை 37-ஆல் வகுத்தால் 3 மணி 57 நிமிடம். 85 நாட் வேகத்தில் அது 335 மைல். போக வேண்டியது 345. மிச்சம் அந்தப் பத்து மைல்.

எந்த ஒன்றும் தனியாக அவரைக் கவிழ்த்திருக்காது. எதிர்காற்று மட்டும் என்றால் கிட்டத்தட்ட ஒரு மணி நேர எரிபொருள் மிஞ்சியிருக்கும். மிக்சர் மட்டும் என்றாலும் அப்படியே. மேகம் ஒரு பொருட்டே அல்ல.

ஜூன் 4, சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதில் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். பாதி வழியில் அவர் நிலைமை என்ன?

165-ஆவது மைலை அவர் 1 மணி 30 நிமிடத்தில் கடந்திருக்க வேண்டும். கடந்தது 1 மணி 56 நிமிடத்தில். 26 நிமிடத் தாமதம். அதுவரை செலவு சுமார் 77 லிட்டர், டாங்கில் 74. முள் பாதியைக் காட்டுகிறது. பாதி வழி வந்தாயிற்று, பாதி டாங்க் இருக்கிறது. பார்க்க எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது! உண்மையில் அதற்கு அர்த்தம் ரிசர்வ் பூஜ்யம் என்பது. கிளம்பும்போது இருந்த இரண்டு மணி நேரமும் ஏற்கெனவே போய்விட்டது. திட்டப்படி என்றால் அந்த இடத்தில் மூன்றில் இரண்டு பங்கு இருந்திருக்க வேண்டும்.

அதே இடத்தில் திரும்பியிருந்தால்? எதிர்காற்று பின்காற்றாகிவிடும். 135 நாட். வீட்டுக்கு 1 மணி 13 நிமிடம், செலவு 45 லிட்டர், இறங்கும்போது கையில் 29 லிட்டர். மிக்சரைத் தொடாமலே. அந்தப் பக்கம் போனால் இன்ஜின் நிற்கிறது, இந்தப் பக்கம் வந்தால் முக்கால் மணி நேரத்துக்கு மிச்சம். கணக்குச் சீட்டு தொடைமேலேயே இருந்தது என்பதுதான் என்னை இன்னும் குடைகிறது.

ஜூன் 5

முள்ளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள்.

சிறு விமானங்களில் பழைய வகை முள் என்பது டாங்க்குக்குள் மிதக்கும் ஒரு மிதவை, அதோடு ஒரு கம்பி. விமானம் சாய்ந்தால் எரிபொருள் ஒரு பக்கம் ஒதுங்கும், முள் ஆடும். டாங்க் அகலமாகவும் ஆழம் குறைவாகவும் இருப்பதால் மட்டம் ஒரு விரல் மாறினாலே பல லிட்டர் வித்தியாசம். "காலியாக இருக்கும்போது மட்டும் சரியாகக் காட்டினால் போதும் என்பதுதான் சட்டம்" என்று விமானிகள் நடுவே ஒரு பேச்சு உண்டு. அது பாதி உண்மை. பூஜ்யம் என்ற கோடு, இன்ஜினுக்கு எட்டக்கூடிய எரிபொருள் தீரும் இடத்தோடு பொருந்த வேண்டும் என்று அமெரிக்க வடிவமைப்பு விதியில் இருந்தது. மற்ற இடங்களில் எப்படி வேண்டுமானாலும் காட்டலாம் என்று எந்த விதியும் சொல்லவில்லை. ஒவ்வொரு டாங்கிலும் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கருவி வேலை செய்தாக வேண்டும் என்று வேறொரு விதி தெளிவாகவே சொல்கிறது.

நான் சொல்லிக்கொடுத்தது இப்படி: முள்ளும் கணக்கும் ஒத்துப்போகாவிட்டால் இரண்டில் எது மோசமோ அதை நம்பு. முள் நல்ல செய்தி சொன்னால் நம்பாதே, கெட்ட செய்தி சொன்னால் நம்பு.

ஜூன் 5, இரவு

ஆமாம், 1983-இல் கனடாவில் நடுவானில் எரிபொருள் தீர்ந்த பயணிகள் விமானம் கிம்லியில் மிதந்து இறங்கிய கதை எனக்கும் தெரியும். எரிபொருள் பேச்சு எடுத்தால் யாராவது ஒருவர் கொண்டுவந்துவிடுவார், இந்த முறை மூன்று பேர். அது லிட்டரைக் கிலோவாக மாற்றப் பவுண்டுக்கான எண்ணால் பெருக்கிய கதை, அதுவும் போயிங் 767. நாம் பேசுவது நாலு பேர் உட்காரும் விமானம். நான்காவது ஆள் வேண்டாம், தயவு செய்து.

ஜூன் 7

சரி, முள்ளை நம்பாவிட்டால் எதை நம்புவது என்று கேட்டவருக்கு: அளவுக் குச்சியை. ஏணியில் ஏறி, சிறகின்மேல் மூடியைத் திறந்து, குச்சியை நேராக விட்டு, நனைந்த கோட்டைப் பார்ப்பது. பறப்பதற்கு முன் செய்யும் சோதனையில் அலுப்பான வேலை இதுதான், மழையில் இன்னும் அலுப்பு.

குச்சியிலும் வம்பு உண்டு. அதே 172-இல் 43 கேலன் டாங்க்கும் உண்டு, 54 கேலன் டாங்க்கும் உண்டு. ஒன்றுக்கான குச்சியை இன்னொன்றில் விட்டால் எண் தப்பு. ஒரே கொட்டகையில் இரண்டும் நிற்கும்போது குச்சி இடம் மாறிப் போவதை நானே பார்த்திருக்கிறேன். அந்த விமானத்தின் பதிவு எழுத்துகளைக் குச்சியிலேயே எழுதி வைக்க வேண்டும். பெரிய விமானத்திலும் இதன் அண்ணன் தம்பி நடந்திருக்கிறது: 2005 ஆகஸ்டில் சிசிலிக்கு அருகே கடலில் இறங்கிய, துனின்டர் என்ற துனிசிய நிறுவனத்தின் ஏடிஆர் 72-இல் ஏடிஆர் 42-க்கான எரிபொருள் அளவுகாட்டி பொருத்தியிருந்தார்கள். 39 பேரில் 16 பேர் இறந்தார்கள். டாங்க்கில் இல்லாத எரிபொருளை அது காட்டிக்கொண்டே இருந்தது.

கேலனிலும் கவனம். அமெரிக்க கேலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் கேலன் 4.546. பழைய கையேடு எந்த நாட்டுடையது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

ஜூன் 7, சற்று நேரம் கழித்து

வயலில் விழுந்த விமானத்தின் டாங்கில் சில லிட்டர் இருந்ததா என்று ஒருவர் சரியாகவே கேட்டார். இருந்தது. 43-க்கும் 40-க்கும் நடுவே இருக்கிற 3 கேலன், சுமார் 11 லிட்டர், குழாய் வாய்க்கு எட்டாமல் மூலையில் தேங்கி நிற்பது. அதைப் பார்த்துவிட்டு "எரிபொருள் இருக்கிறதே, இன்ஜின்தான் கோளாறு" என்று அங்கே ஒருவர் வாதாடினார்.

மிக்சர் குமிழ் முழுக்க உள்ளே இருந்ததையும் சிலர் ஆதாரமாகச் சொன்னார்கள். அது ஆதாரம் ஆகாது. இன்ஜின் நின்றால் குமிழை உள்ளே தள்ளு என்பது அவசரச் செயல்முறையிலேயே உண்டு, யாராக இருந்தாலும் தள்ளியிருப்பார்கள். லீன் செய்யவில்லை என்று பிற்பாடு அவரே சொன்னதால்தான் தெரிந்தது. தாழ்வாக, ஓடுபாதையைச் சுற்றிச் சுற்றிப் பழகும் நாட்களில் குமிழைத் தொடாதே என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்தப் பழக்கம் நீண்ட பயணத்துக்கும் கூடவே வந்துவிடுகிறது. இதில் ஆசிரியர்களுக்கும் பங்கு உண்டு.

ஜூன் 8

விதி என்ன சொல்கிறது? அமெரிக்காவில், வெளியே பார்த்துப் பறக்கும் விமானம் முதலில் இறங்க நினைத்த இடம் வரை போய், அதன்பின் பகலில் 30 நிமிடம், இரவில் 45 நிமிடம் பறக்கும் அளவு எரிபொருள் வைத்திருக்க வேண்டும். ஆனால் அந்த விதியின் வாசகத்தைப் பாருங்கள்: அப்படி இல்லாவிட்டால் பயணத்தைத் தொடங்கக் கூடாது. தொடங்க. முன்னறிவித்த காற்றையும் வானிலையையும் கணக்கில் எடுத்து என்றும் அதில் இருக்கிறது. நம் ஆள் தொடங்கியபோது கேட்டதைப்போல மூன்று மடங்குக்கும் மேல் வைத்திருந்தார். காற்று முன்னறிவிப்பை மட்டும் அவர் பார்த்திருந்தால் கணக்கு வேறாக இருந்திருக்கும். காற்றில்லை என்று வைத்துக் கணக்குப் போட்டது பெரிய தவறு. அப்போதுகூட அதை வழியில் கண்டுபிடிக்க இரண்டு மணி நேரம் இருந்தது.

ஜூன் 9

எரிபொருள் தீர்வது வேறு, எரிபொருள் இருந்தும் இன்ஜினுக்குப் போகாமல் நிற்பது வேறு. 172-இல் இரண்டு டாங்கிலிருந்தும் ஒரே நேரத்தில் எடுக்கும்படி திருகையை (எந்த டாங்கிலிருந்து எடுப்பது என்று மாற்றும் கைப்பிடி) வைக்கலாம். பைப்பர் செரோக்கி மாதிரி சிறகு கீழே இருக்கும் விமானங்களில் இடது அல்லது வலது, ஒன்றுதான். அரை மணிக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். மறந்தால் ஒரு டாங்க் நிறைந்திருக்கும்போதே இன்ஜின் நிற்கும். தாழ்வாக இருக்கும்போது இது நடந்தால் திருகையைத் தேடும் நேரத்தில் தரை வந்துவிடும்.

பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12 அன்று கலிபோர்னியாவில் மான்டரே விரிகுடாவில் விழுந்தது இந்த வகை. லாங் ஈஸி என்ற, ஆர்வலர்கள் தாங்களே கட்டும் விமானம். வடிவமைப்பில் திருகை விமானியின் கால்களுக்கு நடுவே இருக்க வேண்டும். கட்டியவர் அதை இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். எரிபொருள் அளவைக் காட்டும் கண்ணாடிக் குழாய்களும் இருக்கைக்குப் பின்னால். கிளம்புவதற்கு முன் எரிபொருள் போடலாமா என்று கேட்டதற்கு வேண்டாம், ஒரு மணி நேரம்போலத்தான் பறப்பேன் என்றாராம். காற்றில் ஒரு டாங்க் தீர்ந்து, திருகையைப் பிடிக்க உடலை முறுக்கியபோது தன்னையறியாமல் வலது பெடலை அழுத்திவிட்டார், கட்டுப்பாடு போனது என்பது விசாரணையின் முடிவு.

திருகையை அங்கே வைத்தவர் மேலும் குற்றம் உண்டு, அப்படியே பறந்தவர் மேலும் உண்டு. நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது வேறு: நிறைய எரிபொருள் இருந்திருந்தால் அந்தத் திருகையைக் காற்றில் தொடவே வேண்டியிருந்திருக்காது. மோசமான வடிவமைப்பைக்கூட எரிபொருள் மூடி மறைக்கும்.

ஜூன் 11

உரிமத்தைப் பிடுங்குவது பற்றி. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2017-இல் இதற்கென்றே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. 2011 முதல் 2015 வரை, எரிபொருள் கையாள்வதில் ஏற்பட்ட விபத்துகள் ஆண்டுக்குச் சராசரியாக 50-க்கும் மேல். கருவிக் கோளாறு அதில் 5 சதவீதம்தான். விபத்தில் சிக்கியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் வணிக உரிமமோ அதற்கு மேலோ வைத்திருந்தவர்கள். மாணவர்கள் சுமார் 2 சதவீதம்.

மாணவர் எண்ணிக்கை குறைவாக இருப்பதற்கு ஒரு காரணம் எனக்குத் தோன்றுகிறது: மாணவரின் கணக்குச் சீட்டை யாரோ ஒருவர் கையெழுத்துப் போடுமுன் படிக்கிறார். உரிமம் வந்த பிறகு யாரும் படிப்பதில்லை.

ஜூன் 12

"கட்டுப்பாட்டுக் கோபுரத்தைக் கூப்பிட்டிருக்கலாமே" என்றவருக்கு.

வயலில் இறக்கியவர் கூப்பிடவில்லை. கடைசி இருபது நிமிடம் ரேடியோவில் அவர் ஒன்றுமே பேசவில்லை என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். முள்ளைத் தட்டித் தட்டிப் பார்த்தாராம். இது கூச்சம். பிழையைப் பொதுவெளியில் சொல்லும் கூச்சம்.

இதற்கென்றே இப்போது இரண்டு சொற்றொடர்கள் உலகம் முழுக்க வழக்கில் இருக்கின்றன. "மினிமம் ஃப்யூயல்" என்றால் இனி தாமதம் கூடினால் கடைசி ரிசர்வில் கை வைக்க வேண்டியிருக்கும் என்று அர்த்தம். முன்னுரிமை கேட்பது ஆகாது. "மேடே, மேடே, மேடே, ஃப்யூயல்" என்றால் அவசரநிலை, எல்லாரும் விலகுவார்கள். இதன் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. 1990 ஜனவரி 25 அன்று கொலம்பியாவின் ஏவியான்கா நிறுவனத்தின் 52-ஆம் எண் விமானம் நியூயார்க்குக்கு வந்து, வானில் நெடுநேரம் சுற்ற வைக்கப்பட்டு, எரிபொருள் தீர்ந்து விழுந்தது. 158 பேரில் 73 பேர் போனார்கள். விமானிகள் எரிபொருள் தீர்கிறது என்றார்கள், முன்னுரிமை என்றார்கள். அவசரநிலை என்ற சொல்லை மட்டும் சொல்லவில்லை.

ஜூன் 14

இரண்டு நாளாக யோசித்ததில், கூச்சம் என்று நான் எழுதியது போதாது என்று படுகிறது. அவர் வழியில் இரண்டு சிறு ஓடுபாதைகளைக் கடந்து போயிருக்கிறார். ஒன்றில் எரிபொருள் கிடைக்காது, ஆனால் இறங்கலாம். இறங்காததற்குக் காரணம் கேட்டேன். "அங்கே இறங்கினால் ராத்திரி அங்கேதான்" என்றார். பக்கத்தில் இருந்தவருக்கு மறுநாள் காலை வேலை. இருவரும் அதைப் பற்றி வாய்விட்டுப் பேசிக்கொள்ளவே இல்லை. ஒருவர் இன்னொருவருக்காகத் தொடர்ந்தார், அந்த இன்னொருவருக்கு ஆபத்து இருப்பதே தெரியாது.

தொழில்முறையிலும் இதேதான். 2016 நவம்பர் 28 அன்று பிரேசில் கால்பந்து அணியை ஏற்றிக்கொண்டு பொலிவியாவிலிருந்து கொலம்பியாவுக்குப் போன லாமியா விமானம். பறக்கும் நேரம் 4 மணி 22 நிமிடம் என்றும், எரிபொருள் தாங்கும் நேரம் 4 மணி 22 நிமிடம் என்றும் திட்டத்தாளில் எழுதியிருந்தது. 77 பேரில் 71 பேர் இறந்தார்கள். அங்கே கணக்கு தரையிலேயே தவறு, பார்த்தவர்களுக்கும் தெரிந்திருந்தது. வழியில் இறங்கி நிரப்பிக்கொள்ளாமல் போனார்கள், எப்படியாவது போய்விடலாம் என்று.

அதனால் நான் மாணவர்களிடம் கேட்டது லிட்டர் அல்ல. கிளம்புமுன் சீட்டில் ஓர் இடமும் ஒரு நேரமும் எழுத வேண்டும்: இந்த ஏரியை இத்தனை மணிக்குள் கடக்காவிட்டால் இன்ன ஓடுபாதையில் இறங்குவேன். அதைக் கூட வருபவரிடம் சத்தமாகப் படித்துக் காட்டவும் வேண்டும். நேரம் வந்ததும் முடிவெடுக்க வேண்டியதில்லை, ஏற்கெனவே எடுத்தாயிற்று. கூட வருபவரே "ஏரி எங்கே?" என்று நச்சரிப்பார், அது இலவசச் சேவை.

ஜூன் 15

10 மைல்தானே, மிதந்து போயிருக்கக் கூடாதா என்று கேட்டவருக்கு: அவர் தரைக்கு மேல் 3,000 அடியில் இருந்தார். காற்றில்லாத நாளில் 172 அவ்வளவு உயரத்திலிருந்து 4½ மைல் போகும். அந்த எதிர்காற்றில் 3 மைல்கூடத் தேறாது. வயலைத் தேர்ந்தெடுத்து வேகத்தைக் குறையவிடாமல் இறக்கினார். அந்தப் பகுதியை மட்டும் அவர் குறையில்லாமல் செய்தார்.

ஜூன் 19

கடைசியாக வந்த கேள்வி: எரிபொருள் ஓட்டத்தை அளக்கும் மீட்டர் மாட்டினால் இந்தத் தொல்லையெல்லாம் தீராதா?

நல்ல கருவி. 30 அல்ல 37 குடிக்கிறது என்பதை முதல் பத்து நிமிடத்திலேயே சொல்லியிருக்கும். இன்றைய மீட்டர்கள் ஜிபிஎஸ்ஸோடு சேர்ந்து, போய்ச் சேரும்போது எவ்வளவு இருக்கும் என்றும் சொல்லும். இருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள்.

ஆனால் அது டாங்க்கைப் பார்ப்பதில்லை. குழாய் வழியே இன்ஜினுக்குப் போவதை எண்ணி, கிளம்பும்போது நீங்கள் தட்டிய எண்ணிலிருந்து கழிக்கிறது. நிறைந்திருக்கிறது என்று நினைத்து 151 என்று தட்டினால் அதுவும் 151 என்றே நம்பும். மூடியைச் சரியாகத் திருகாவிட்டால் சிறகின் மேல்புறத்தில் அழுத்தம் குறைவு என்பதால் எரிபொருளை வெளியே உறிஞ்சிக்கொண்டே போகும், சிறகின் பின்விளிம்பில் நீலக் கறை படியும். குழாய்க்கு வராத அந்த எரிபொருள் மீட்டர் கணக்கில் கழியவே கழியாது. சிறகு மேலே இருக்கும் 172-இல் உட்கார்ந்த இடத்திலிருந்து மூடியும் தெரியாது. ஆகவே மீட்டர் மாட்டிய விமானத்துக்கும் நான் ஏணி போட்டு ஏறத்தான் செய்வேன், மழையென்றால் ஒருவர் குடை பிடிக்க.